கட்டைவிரல் போட்டவர்கள் எல்லோரும் எதற்குச் சம்மதித்தோம்? (டீலர் டூர், எமோஜி, சட்டம்)

பெருந்துறையான் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். பெருந்துறைப் பக்கம் இருபத்திரண்டு ஆண்டுகளாக மோட்டார், பைப் கடை வைத்திருக்கிறேன். நாங்கள் சரக்கெடுக்கும் ஒரு நிறுவனம், பெயர் வேண்டாம், இந்த ஆண்டு டார்கெட்டை எட்டிய டீலர்களைத் தாய்லாந்துக்கு அழைத்துச் செல்கிறது. பகுதி விற்பனை அதிகாரி எங்கள் வாட்ஸ்அப் குழுவில் போட்ட அறிவிப்பில் தேதி இருந்தது, பாஸ்போர்ட் நகல் கேட்டிருந்தது, ‘ஜென்ட்ஸ் மட்டும்’ என்றும் இருந்தது. அதன் கீழே விமானம், உதடு, ஆடும் பெண், கண்ணடிக்கும் முகம், வாயில் விரல் வைத்துப் பேசாதே என்னும் முகம் என்று ஐந்து எமோஜிகள் வரிசையாக இருந்தன. இந்தக் களத்தில் எமோஜி தோன்றாது என்பதால் சொல்லாக எழுதுகிறேன்.

நாற்பத்தொரு பேர் உள்ள குழுவில் இருபத்து மூன்று பேர் கட்டைவிரல் போட்டோம். நான் போட்டது ‘வருகிறேன், இடம் ஒதுக்கி வையுங்கள்’ என்ற பொருளில்தான். ஆனால் கணவர் மறைந்தபின் கடையைத் தனியாக எடுத்து நடத்தும் பெண் ஒருவரும் அந்தக் குழுவில் இருக்கிறார் என்பது, மறுநாள் அவர் எழுதியதைப் படித்தபோதுதான் பலருக்கும் நினைவுக்கு வந்தது. ‘கட்டைவிரல் போட்ட அண்ணன்கள் அதை எதற்குப் போட்டீர்கள் என்று சொல்வீர்களா?’ என்பது அவர் கேட்ட ஒரே வரி. ஒன்பது நாளாக ஒருவரும் பதில் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. அதிகாரியிடம் கேட்டால், ‘எழுத்தில் ஏதாவது சொன்னேனா? அது வெறும் படம்’ என்கிறார்.

வெறும் படம்தானா? சட்டம் அறிந்தவர்கள் விளக்கினால் நலமாக இருக்கும்.

நாமக்கல் லாரிக்காரர்

ஐயா, வெட்டவெயிலில் அலைந்து, கடன் கொடுத்து, வசூலுக்கு நடந்து டார்கெட்டை முடித்தவர்கள் நான்கு நாள் வெளிநாடு போய் வருவதில் ஊருக்கு என்ன வருத்தம் என்று எனக்குப் புரியவில்லை. போகிறவர்கள் வயது வந்தவர்கள். அங்கே இருப்பவர்களும் வயது வந்தவர்கள். அந்த அதிகாரி ஒரு கெட்ட வார்த்தைகூட எழுதவில்லை. உதட்டுப் படத்தை என் பேத்தி எனக்குத் தினமும்தான் அனுப்புகிறாள். படத்தில் தவறான பொருளைக் காண்பவர் மனத்தில்தான் அழுக்கு இருக்கிறது என்பேன்.

கோர்ட் வீதி (கோவை, வழக்கறிஞர்)

லாரிக்காரர் அண்ணனின் பேத்தி உதாரணம் சரியானது. சட்டமும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. எமோஜிக்கென்று தனி அகராதி எந்த நீதிமன்றத்திலும் இல்லை. யார், யாருக்கு, எந்தச் சொற்களுக்கு அருகில், எந்தப் பழக்கத்தின் தொடர்ச்சியாக அனுப்பினார் என்பதை வைத்தே பொருள் கொள்கிறார்கள்.

நம் சென்னை உயர் நீதிமன்றத்திலேயே இரண்டு வழக்குகள் உண்டு. 2018இல் தொலைபேசித் துறை ஊழியர்களின் வாட்ஸ்அப் குழுவில் ஒரு பெண் அதிகாரியின் பதிவுக்குச் சிலர் கண்ணீர் வரச் சிரிக்கும் முகத்தைப் போட, வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உட்படப் பல பிரிவுகளில் வழக்குப் பதிவானது. எமோஜி என்பது அனுப்புபவர் தம் உணர்வைக் காட்டுவது. அதை மட்டும் கொண்டு அக்குற்றங்களை நிறுவ முடியாது என்று நீதிபதி முதல் தகவல் அறிக்கையை ரத்து செய்தார். மற்றொன்று 2024ஆம் ஆண்டுத் தீர்ப்பு. மேலதிகாரி ஒருவர் கொலையுண்ட செய்தி குழுவில் வந்தபோது கட்டைவிரல் போட்ட ரயில்வே பாதுகாப்புப் படைக் காவலரைப் பணிநீக்கம் செய்திருந்தார்கள். கட்டைவிரல் என்பது ‘சரி, பார்த்துவிட்டேன்’ என்பதற்கு மாற்றாகவும் இருக்கலாம், கொலையைக் கொண்டாடியதாகக் கொள்ள முடியாது என்று இரு நீதிபதிகள் அமர்வு அவரை மீண்டும் பணியில் சேர்க்கச் சொன்னதை உறுதிசெய்தது.

இவற்றை மட்டும் படித்தால், பெருந்துறையார் நிம்மதியாகத் தூங்கலாம் என்று தோன்றும். முழுக்கதை அதுவன்று.

திருப்பூர் மெர்ச்சண்டைசர்

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். கட்டைவிரலுக்குப் பொருள் ‘பார்த்தேன்’தானா என்று எங்கள் ஊரில் கேட்டால் பாதிப்பேர் அழுதுவிடுவார்கள். சாயப்பட்டறை அனுப்பிய லேப் டிப்பை, அதாவது நிறம் பார்க்கும் மாதிரித் துணியை, படமெடுத்து வெளிநாட்டு பையருக்கு அனுப்பினோம், கட்டைவிரல் வந்தது, அதை நம்பி முழுத் துணியையும் சாயத்தில் இறக்கினோம். பிறகு, ‘படம் கிடைத்தது என்றுதான் சொன்னேன், நிறத்தை ஒப்புக்கொள்ளவில்லை’ என்று எழுதினார்கள். அந்த நட்டத்தை நாங்களே சுமந்தோம்.

அதன்பிறகுதான் கனடா வழக்கைத் தேடிப் படித்தேன். சஸ்காச்சவான் மாகாணத்தில் ஒரு தானியக் கொள்முதல் நிறுவனம் 2021இல் ஒரு விவசாயிக்கு 86 டன் ஆளி விதைக்கான ஒப்பந்தத்தைப் படமெடுத்து அனுப்பி உறுதிசெய்யும்படி கேட்டது. விவசாயி கட்டைவிரலை அனுப்பினார். நவம்பரில் விலை ஏறிவிட்டதால் சரக்கு வரவில்லை. ‘படம் கிடைத்தது என்பதற்குத்தான் கட்டைவிரல்’ என்றார் விவசாயி, எங்கள் பையர் சொன்ன அதே வாசகம். ஆனால் அதற்கு முந்தைய ஒப்பந்தங்களுக்கு அவர் ‘சரி’, ‘ஆமாம்’, ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒற்றைச் சொல் பதில்களை அனுப்பி, சரக்கையும் ஒழுங்காகக் கொடுத்து வந்திருந்தார். அந்தப் பழக்கத்தை வைத்து, கட்டைவிரலும் கையெழுத்தே என்று 2023இல் நீதிமன்றம் 82,000 டாலருக்கு மேல் கட்டச் சொன்னது. 2024 டிசம்பரில் மேல்முறையீட்டு நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது.

கோர்ட் வீதி

நல்ல இடத்தில் தொட்டீர்கள். நம் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 9ஆம் பிரிவு, சொல்லால் அல்லாமல் வேறு வகையில் தரப்படும் வாக்குறுதியும் வாக்குறுதிதான் என்கிறது. மின்னணு வழியில் உருவானது என்பதற்காக மட்டும் ஒப்பந்தம் செல்லாததாகிவிடாது என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 10ஏ பிரிவு சொல்கிறது. இஸ்ரேலில் 2017இல் வாடகைக்கு வீடு பார்த்த இருவர், ஆடும் உருவங்களையும் ஷாம்பெயின் புட்டியையும் அணிலையும் வால்நட்சத்திரத்தையும் வீட்டுக்காரருக்கு அனுப்பிவிட்டுப் பிறகு காணாமல் போனார்கள். அந்த உற்சாகத்தை நம்பி அவர் விளம்பரத்தை எடுத்துவிட்டதால் 8,000 ஷெக்கல் இழப்பீடு விதிக்கப்பட்டது. ஒப்பந்தம் ஏற்பட்டது என்றுகூட அங்கே சொல்லவில்லை. பேச்சுவார்த்தையில் நேர்மை இல்லை என்பதே குறை. அணிலுக்கு என்ன பொருள் என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

இந்த இழையின் பொருளுக்கு நெருக்கமான வழக்கு கலிஃபோர்னியாவில் 2019இல் வந்தது. ஒருவர் பெண்ணொருத்திக்கு அனுப்பிய செய்தியில் ‘கூட்டு உழைப்பே கனவை நனவாக்கும்’ என்ற வாசகத்துடன் குதிகால் உயர்ந்த செருப்பும் பண மூட்டையும் இருந்தன. வாசகம் பள்ளிக்கூடச் சுவரில் எழுதத்தக்கது. அந்தத் தொழிலின் வழக்காறு அறிந்த காவல் துறை நிபுணர் செருப்புக்கும் மூட்டைக்கும் அங்கே என்ன பொருள் என்று சாட்சி சொல்ல, பெண்ணைப் பாலியல் தொழிலில் ஈடுபடுத்திப் பிழைத்ததற்கான சான்றுகளில் அதுவும் ஒன்றாக ஏற்கப்பட்டது. ஆகவே ‘எழுத்தில் எதுவும் சொல்லவில்லை’ என்பது உங்கள் அதிகாரி நினைப்பதைப் போலக் கோட்டைச் சுவர் அன்று.

மேட்டுப்பாளையம் மண்டி

ஒரு சிறு ஐயம். கத்தரிக்காய்ப் படத்துக்கு ஆபாசப் பொருள் உண்டென்றும், ஃபேஸ்புக் நிறுவனமே 2019இல் பாலியல் அழைப்போடு சேர்ந்து வரும் இத்தகைய எமோஜிகளைத் தடை செய்ததென்றும் என் மகன் சொல்கிறான். நான் தினமும் காலை நான்கு மணிக்கு நாற்பது வியாபாரிகளுக்குக் கத்தரிக்காய் எமோஜியும் கிலோ விலையும் அனுப்புகிறேன். என் கதி என்ன?

கோர்ட் வீதி

விலையைக் குறைத்து அனுப்பாதவரை உங்களுக்கு ஒன்றும் வராது, மண்டிக்காரரே. பக்கத்தில் கிலோவும் ரூபாயும் இருந்தால் அது கத்தரிக்காய்; ‘ஜென்ட்ஸ் மட்டும்’ என்ற வரியும் வாயில் விரல் வைத்த முகமும் பக்கத்தில் இருந்தால் அது வேறு காய்.

பழைய டிக்கெட் மேசை

ஈரோட்டில் பதினான்கு ஆண்டுகள் ஒரு டிராவல்ஸில் குழுப் பயண மேசையைப் பார்த்தவன் நான். இப்போது விட்டுவிட்டேன் என்பதால் எழுதுகிறேன்.

பாங்காக், பட்டாயா கேட்டு வரும் குழுக்களில் ஒருவரும் ஒருநாளும் நேராகக் கேட்டதில்லை. ‘ஃப்ரீ டைம் எத்தனை இரவு?’ என்பார்கள். ‘ஹோட்டலில் விசிட்டருக்குத் தனிக் கட்டணமா?’ என்பார்கள். அட்டவணையில் பவளத்தீவும் புலிக் காட்சியும் பெரிய எழுத்தில் இருக்க வேண்டும், ஏனென்றால் அந்தத் தாள் வீட்டுக்குப் போகும். எமோஜி வருவதற்கு முன்பே இந்தப் பேச்சுக்கு ஓர் ஊமைமொழி இருந்தது. இப்போது அதற்கு வண்ணம் கூடியிருக்கிறது, அவ்வளவுதான். 2023 நவம்பரிலிருந்து இந்தியர்களுக்குத் தாய்லாந்து விசா இல்லாமலே அனுமதி கொடுத்தபின் கேட்பவர் தொகையும் கூடியது.

அந்த ஊர் இயல்பிலேயே அப்படி இருந்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். பட்டாயா மீன்பிடிக் கிராமமாக இருந்த இடம். வியட்நாம் போரின்போது அருகிலிருந்த உத்தபாவ் விமானத் தளத்திலிருந்து அமெரிக்க வீரர்கள் ஓய்வுக்கு வந்து இறங்கியதில்தான் அதன் இந்த முகம் உருவானது. இன்று அந்த வீரர்களின் இடத்தில், சித்திரைப் பட்டம் முடிந்து வரும் நம் மோட்டார் கடைக்காரர்கள் நிற்கிறார்கள்.

நம் ஊர் மனப்பான்மை பற்றி ஒன்று சொன்னால் சிலர் கோபிப்பார்கள். மகள் எந்தப் பையனோடு பேசுகிறாள் என்று கைபேசியை வாங்கிப் பார்க்கிற வீடுகள்தான் நம் வீடுகள். வேறு சாதியில் காதல் என்றால் ஊர்க்கூட்டம் கூடும். அதே வீட்டுப் பெரியவர் பாங்காக் போய் வந்த கதை கிடாவிருந்துப் பந்தியில், பெண்கள் பக்கம் கேட்காத அளவுக்குக் குரலைத் தணித்து, சிரிப்போடு பரிமாறப்படும். அவர் மதிப்பு ஒரு படி ஏறுமே தவிர இறங்காது. போனவரை யாரும் குற்றம் சொல்வதில்லை. சொன்னால், அங்கே இருக்கிற பெண்ணைத்தான் சொல்வார்கள்.

நாமக்கல் லாரிக்காரர்

மேசைக்காரர் சொன்ன பந்தியில் நானும் உட்கார்ந்திருக்கிறேன், மறுக்கவில்லை. ஆனால் கேலி வேறு, குற்றம் வேறு. வயது வந்தவர்கள் விருப்பத்தோடு செய்யும் பாலியல் தொழில் குற்றம் அன்று என்று உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டதே. பிறகு எமோஜியை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறீர்கள்?

கோர்ட் வீதி

பாதி உண்மை, அண்ணா. 2022 மே 19ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தந்த வழிகாட்டுதல்கள் அந்தப் பெண்களைக் காப்பதற்காக வந்தவை: விருப்பத்தோடு தொழில் செய்யும் வயது வந்த பெண்ணைக் கைது செய்யாதே, தண்டிக்காதே, துன்புறுத்தாதே; விடுதி நடத்துவதுதான் சட்டவிரோதம்; சோதனையின்போது அவர்கள் படத்தையும் பெயரையும் ஊடகங்கள் வெளியிடக் கூடாது. நம் பக்கத்து மலையூர்களிலோ நகர மசாஜ் நிலையங்களிலோ சோதனை நடந்த மறுநாள் செய்தி எப்படி வருகிறது என்று பாருங்கள்: பெண்கள் துப்பட்டாவால் முகத்தை மூடி நிற்பார்கள், வாடிக்கையாளர் ‘சிலர்’ என்ற ஒற்றைச் சொல்லுக்குள் மறைந்திருப்பார். அந்தத் தீர்ப்பை வாடிக்கையாளரின் அனுமதிச் சீட்டாகப் படிப்பது, அதன் பயனாளியையே மாற்றிவிடுவதாகும்.

இன்னொரு பாதியும் உண்டு. ‘பாலியல் சுற்றுலா’ என்று நம் சட்டத்தில் தனிக் குற்றம் இல்லை. 1956ஆம் ஆண்டு ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் ஆள் பிடித்துக் கொடுப்பதையும், விடுதி நடத்துவதையும், அந்த வருவாயில் பிழைப்பதையும்தான் முதன்மையாகத் தண்டிக்கிறது. ஆனால் கடத்தப்பட்ட பெண் என்று அறிந்தோ, நம்பக் காரணம் இருந்தோ அவரைப் பாலியல் சுரண்டலுக்கு உட்படுத்துபவருக்குப் இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சங்கிதையின் 144ஆம் பிரிவு மூன்று முதல் ஏழு ஆண்டு வரை சிறை விதிக்கிறது. கடத்தப்பட்டது குழந்தை என்றால் ஐந்து முதல் பத்து ஆண்டு. அந்தச் சங்கிதை இந்தியக் குடிமகன் வெளிநாட்டில் செய்யும் குற்றத்துக்கும் பொருந்தும் என்று முதல் பிரிவிலேயே எழுதியிருக்கிறது. மத்திய அரசின் முன் அனுமதியோடு இங்கேயே விசாரிக்கலாம். தாய்லாந்திலோ, பலரும் நினைப்பதற்கு மாறாக, 1996ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தத் தொழிலே தடைசெய்யப்பட்டது. பதினெட்டு வயதுக்குட்பட்டவரிடம் செல்லும் வாடிக்கையாளருக்குச் சிறை உண்டு. இரவு பதினொரு மணிக்கு, குடித்திருக்கும் ஒருவர் யாருடைய வயதைக் கேட்டு, எந்த அட்டையைச் சரிபார்க்கப் போகிறார்?

சேலத்து ஆசிரியை

குழந்தைகள் பற்றிய பேச்சு வந்ததால் எழுதுகிறேன். இதை ஏதோ வெளிநாட்டு விவகாரமாக நினைப்பவர்கள் கோவாவை மறந்துவிடுகிறார்கள். அங்கே ஆதரவற்ற சிறுவர் இல்லம் என்ற பெயரில் குழந்தைகளைச் சுரண்டிய வெளிநாட்டவர் ஒருவர் 1991இல் கைதாகி, 1996இல் ஆயுள் தண்டனை பெற்றார். மும்பையில் காப்பகம் நடத்திய இரண்டு பிரிட்டிஷ்காரர்களின் தண்டனையை 2011இல் உச்ச நீதிமன்றம் மீண்டும் உறுதிசெய்தது. இந்தக் கொடுமையைச் ‘சுற்றுலா’ என்று அழைப்பதே அதை இலகுவாக்குகிறது என்பதால், 2016இல் வெளியான லக்சம்பர்க் வழிகாட்டுதல்கள் குழந்தைகள் தொடர்பில் அந்தச் சொல்லைத் தவிர்க்கும்படி பரிந்துரைத்தன. அப்படியிருக்க, ஐந்து எமோஜிகளால் இதைத் திருவிழா அழைப்பிதழ் ஆக்குகிறோம்.

தாராபுரத்துக் கடைக்காரி

அந்தக் கேள்வியைக் கேட்ட பெண் நான்தான். பெருந்துறை அண்ணா, உங்கள் எழுத்தைப் படித்ததும் எந்தக் குழு என்று தெரிந்துவிட்டது.

ஒழுக்கம் கற்பிக்க நான் வரவில்லை. யார் எங்கே போகிறார்கள் என்பது அவரவர் வீட்டுப் பாடு. என் குறை வேறு. அதை ஒருவரும் கேட்கவில்லை. நானும் டார்கெட்டை முடித்தவள். நூற்றுப் பதினெட்டு விழுக்காடு. தண்ணீர் ஐந்நூறு அடிக்குக் கீழே போன இந்த ஆண்டில் ஒவ்வொரு தோட்டத்துக்கும் போய் மோட்டாரின் குதிரைத்திறன் கணக்குச் சொல்லி விற்றேன். அதிகாரி தொலைபேசியில், ‘இது ஜென்ட்ஸ் டூர் அம்மணி, உங்களுக்கு ஒரு கிராம் தங்க நாணயம் வாங்கித் தருகிறேன்’ என்றார். பயணச் செலவு ஆளுக்கு அறுபதாயிரத்துக்கு மேல் வரும் என்று அவர்தான் முன்பு குழுவில் எழுதியிருந்தார்.

ஆகவே அந்த உதடும் ஆடும் பெண்ணும் என்னைக் கேலி செய்யப் போட்டவை அல்ல என்பதும் எனக்குத் தெரியும். நான் அந்த அறையில் இல்லை என்று முடிவுசெய்து போட்டவை. குழுவில் இருபத்து மூன்று கட்டைவிரல்களை எண்ணினேன். அவற்றில் ஆறு பேர் என் கணவரின் துக்கத்துக்கு வந்து மூன்று நாள் உடனிருந்தவர்கள்.

கோர்ட் வீதி

தங்கைக்கு வணக்கம். சட்டம் உங்களுக்கு என்ன தருகிறது என்று மட்டும் சொல்கிறேன்.

2013ஆம் ஆண்டுப் பணியிடப் பாலியல் துன்புறுத்தல் தடுப்புச் சட்டத்தில் புகார் தரும் பெண் அந்த நிறுவனத்தின் ஊழியராக இருக்க வேண்டியதில்லை. ‘வேலையில் இருந்தாலும் இல்லாவிட்டாலும்’ என்றே எழுதியிருக்கிறது. சொல்லில்லாத, பாலியல் தன்மையுள்ள, விரும்பத்தகாத நடத்தையும் அதன் வரையறைக்குள் வரும். எமோஜி அங்கேதான் பொருந்தும். அதிகாரி நிறுவனத்தின் ஊழியர். பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் புகாரை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். நிகழ்ந்த மூன்று மாதத்துக்குள் எழுத்தில் புகார் தரலாம். டீலர்கள் தனி வியாபாரிகள் என்பதால் அவர்களுக்கு இந்த வழி பொருந்தாது. குழு நிர்வாகி என்பதற்காக மட்டும் பிறர் பதிவுக்குப் பொறுப்பாக்க முடியாது என்று 2021இல் பம்பாயும் 2022இல் கேரளமும் ஆகிய உயர் நீதிமன்றங்கள் சொல்லியிருக்கின்றன. இங்கே நிர்வாகியே பதிவிட்டவர் என்பதால் அந்தக் குடை அவருக்கு விரியாது.

சான்று பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். ஸ்கிரீன்ஷாட் மட்டும் போதாது. ஒரே எமோஜி கைபேசிக்குக் கைபேசி வேறு தோற்றம் கொள்ளும். 2016இல் ஆப்பிள் துப்பாக்கிப் படத்தைத் தண்ணீர்த் துப்பாக்கியாக மாற்றிய பிறகு, ஒருவர் விளையாட்டாக அனுப்பியது மற்றவர் திரையில் உண்மைத் துப்பாக்கியாகத் தோன்றிய காலமும் இருந்தது. உரையாடல் இருக்கும் கைபேசியை அப்படியே வைத்திருங்கள். மின்னணுச் சான்றுக்குப் புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுச் சான்றிதழும் வேண்டும். பெருந்துறையாருக்கும் இதே அறிவுரைதான்: இப்போது போய் எதையும் அழிக்காதீர்கள்.

பெருந்துறையான்

அழித்துவிட்டேன், ஐயா. நேற்றிரவே என் கட்டைவிரலை எடுத்துவிட்டேன்.

தாராபுரத்துக் கடைக்காரி

பார்த்தேன், அண்ணா. இப்போது இருபத்திரண்டு. ஒன்பது நாள் பழைய படம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது. ஆனாலும் எடுத்ததற்கு நன்றி.

பெருந்துறையான்

இன்று காலை குழுவிலேயே அவருக்குப் பதில் எழுதினேன். ‘பயணத்துக்கு வருகிறேன் என்ற பொருளில் போட்டேன், கீழே இருந்த படங்களைப் பார்க்காமல் போட்டேன் என்று சொன்னால் அது பொய்’ என்று எழுதினேன். பயணத்துக்குப் பதிலாக கிரெடிட் நோட், அதாவது என் கணக்கில் வரவு, கேட்டிருக்கிறேன். வீட்டில் காரணம் கேட்டார்கள். இந்த இழையைக் காட்டினேன். இரவுச் சாப்பாடு பரிமாறப்பட்டது, பேச்சு இல்லை.

நாமக்கல் லாரிக்காரர்

அந்தத் தங்க நாணயம் கதையை முன்பே சொல்லியிருந்தால் நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். உழைத்த இடத்தை மறுப்பது எந்தக் கணக்கிலும் சேராது. எமோஜி பற்றிய என் கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை.

தாராபுரத்துக் கடைக்காரி

வழக்கறிஞர் அண்ணாவிடம் கடைசியாக ஒரு கேள்வி. புகார் எழுதி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. அதற்கு முன், தங்க நாணயம் வேண்டாம், நான் ஈட்டிய இருக்கை வேண்டும், செலவைக் கட்டிவிடுகிறேன், என் மாமியாருக்கும் ஓர் இருக்கை போடுங்கள் என்று அதிகாரிக்குத் தனிச் செய்தியாக எழுதினேன். மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது; பாஸ்போர்ட் இருக்கிறது; கடல் பார்க்க வேண்டும் என்கிறார். அதிகாரியிடமிருந்து இரண்டு மணி நேரம் கழித்து ஒரு கட்டைவிரல் மட்டும் வந்திருக்கிறது. இதற்கு என்ன பொருள்?

கோர்ட் வீதி

நீங்கள் லோடு கேட்டு ஆர்டர் அனுப்பும்போது அவர் எப்படிப் பதில் சொல்வார்?

தாராபுரத்துக் கடைக்காரி

நான்கு ஆண்டுகளாகக் கட்டைவிரல்தான். மறுநாள் காலை லாரி வந்து நிற்கும்.

கோர்ட் வீதி

அந்த நான்கு ஆண்டு உரையாடலையும் சேமித்து வையுங்கள். மாமியாரிடம் பெட்டியை எடுத்துவைக்கச் சொல்லுங்கள்.